ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய சட்டமன்றக் கட்டடம்: இன்று நிற்பது லிங்கன் நடமாடிய கட்டடந்தானா?

புளூமிங்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டின் நடுச் சதுக்கத்தில் நிற்கும் பழைய மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. கட்டடக்கலையிலும் அமெரிக்க வரலாற்றிலும் பழக்கமுள்ளவர்கள் இக்குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பொதுவாக எல்லோரும் அறிந்தவை எனக்கும் தெரியும். 1837-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1858 ஜூன் 16 அன்று, செனட் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளராக அறிவிக்கப்பட்ட லிங்கன், "தனக்குள் பிளவுபட்ட வீடு நிலைத்து நிற்க முடியாது" என்னும் புகழ்பெற்ற உரையை இங்கேதான் ஆற்றினார். 1865 மே மாதம் 3, 4 ஆகிய நாள்களில் அவருடைய உடல் இதே மண்டபத்தில் வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 75,000 பேர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். 2007 பிப்ரவரி 10 அன்று பராக் ஒபாமா தாம் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதை அறிவிப்பதற்கு இக்கட்டடத்தின் முன்புறத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த நினைவே காரணம்.

இந்தக் கோடையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று விவரங்களைத் தேடிப் படித்தபோதுதான், 1960-களில் இக்கட்டடத்தை அடித்தளம் வரை பிரித்தெடுத்துவிட்டு மீண்டும் கட்டினார்கள் என்றும், அதன் கீழே இப்போது வாகன நிறுத்துமிடம் இருக்கிறது என்றும் தெரிய வந்தது. அப்படியானால் லிங்கன் உரையாற்றிய மண்டபம் என்று நாம் போய்ப் பார்ப்பது எதை? எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? உறுதியாக நின்றுகொண்டிருந்த ஒரு கட்டடத்தை எதற்காகப் பிரித்தார்கள்? இதைப் பிள்ளைகளிடம் உண்மையான கட்டடம் என்று சொல்லலாமா, மாதிரி என்று சொல்ல வேண்டுமா?

கல்லும்சுண்ணமும் எழுதியது:

வணக்கம் ஐயா. சுருக்கமான விடை இதுதான்: வெளிச்சுவரின் கல் பெரும்பாலும் பழையது, அதற்குள்ளே இருக்கும் தளம், படிக்கட்டு, தூண், கதவு, மேசை நாற்காலி ஆகியவை ஏறத்தாழ முழுவதும் 1960-களில் செய்யப்பட்டவை. ஆனால் இப்படிச் சொன்னால் குற்றம் முழுவதும் 1960-களின் தலையில் விழுந்துவிடும். உள்ளே இருந்தது அழிந்தது அப்போதல்ல. அதை விளங்கிக்கொள்ள, கட்டடம் கை மாறிய கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1839 வரை மாநிலத்தின் தலைநகர் வண்டேலியா. அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றப் பாடுபட்டவர்கள், ஸ்பிரிங்ஃபீல்டு அடங்கிய சங்கமன் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சட்டமன்றத்துக்குச் சென்ற ஒன்பது உறுப்பினர்கள். எல்லோரும் சராசரியாக ஆறடி உயரம் என்பதால் "நெட்டை ஒன்பதின்மர்" என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அவர்களில் ஒருவர் இளம் லிங்கன். தலைநகர் வேண்டுமென்றால் ஊரார் தம் பங்காக 50,000 டாலர் தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. சேறும் சகதியுமாக இருந்த ஒரு சிற்றூருக்கு அந்நாளில் அது தாங்க முடியாத தொகை. அதை அடைத்து முடிப்பதற்குள் ஊரார் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டடத்தின் மதிப்பீடு 1,20,000 டாலர். முடிந்தபோது ஆன செலவு 2,60,000 டாலர். 1840-ஐ ஒட்டி அலுவலகங்களும் அவைகளும் குடியேறிவிட்டாலும், வேலை முழுமையாக முடிய 1853 வரை ஆயிற்று.

வடிவமைத்தவர் ஜான் ராக். கிரேக்கக் கோயில்களைப் பின்பற்றிய பாணி அப்போது அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது. இங்கும் வடக்கிலும் தெற்கிலும் பருத்த டோரிக் தூண்கள் தாங்கும் முகப்புகள், நடுவில் குவிமாடம், இரண்டே மாடிகள். கல் சுகர் கிரீக் என்னும் ஓடையை ஒட்டிய கற்சுரங்கத்திலிருந்து மாட்டுவண்டிகளில் வந்தது. இளமஞ்சளும் பழுப்பும் கலந்த சுண்ணாம்புக்கல் வகை அது. சுவருக்கு அருகில் போய் நின்று பார்த்தால் ஒரு கல்லின் நிறம் அடுத்த கல்லுக்கு இல்லை. ஒன்று தேன் நிறமாகவும், அதற்குப் பக்கத்தில் உள்ளது துரு ஏறியது போலவும் இருக்கும். தொலைவிலிருந்து ஒரே நிறமாகத் தெரிகிற சுவர், பக்கத்தில் போனால் அப்படித் திட்டுத்திட்டாக இருப்பதுதான் எனக்கு இக்கட்டடத்தில் மிகவும் பிடித்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு மாநிலம் பெருகி, இக்கட்டடத்தில் இடம் போதாமல் போயிற்று. 1868-இல் இன்னொரு சட்டமன்றக் கட்டடத்தைத் தொடங்கினார்கள். அதுதான் 361 அடி உயரக் குவிமாடத்துடன் இன்றும் மாநில அரசு இயங்கும் இடம். அங்கே குடிபெயர்ந்த பின் 1876 முதல் பழைய கட்டடம் சங்கமன் கவுண்டியின் நீதிமன்றமாயிற்று. கால் நூற்றாண்டு போவதற்குள் கவுண்டிக்கும் இடம் பற்றவில்லை. மேலே ஒரு மாடி எழுப்பினால் கூரையும் குவிமாடமும் கெட்டுவிடும். எனவே 1899-இல் தொடங்கி, திருகு ஜாக்கிகளைக் கொண்டு கட்டடம் முழுவதையும் அப்படியே 11 அடி மேலே தூக்கி, அடியில் புதிதாக ஒரு தளத்தைக் கட்டிச் செருகினார்கள். 1901-இல் வேலை முடிந்தது. பொறியாளராகப் பார்த்தால் வியப்பூட்டும் சாதனை. ஆனால் அந்தப் பணியின்போதே உள்சுவர்களையும் மண்டபங்களையும் நீதிமன்ற அறைகளுக்கு ஏற்பப் பெயர்த்து மாற்றிவிட்டார்கள். லிங்கன் பேசிய மண்டபம் மறைந்தது அந்த ஆண்டுகளில்தான்.

ஆகவே 1960-களில் மாநில அரசு கட்டடத்தைத் திரும்ப வாங்கியபோது, அதன் கையில் கிடைத்தது மூன்று மாடி நீதிமன்றம். அதிலிருந்து இரண்டு மாடிச் சட்டமன்றத்தை மீட்க வேண்டுமானால் செருகிய தளத்தை உருவியாக வேண்டும். அதற்கு மீண்டும் தூக்கி இறக்குவதைவிடக் கல் கல்லாகப் பிரித்து அடுக்குவதே வழி என்று முடிவு செய்தார்கள். 1966-இல் வேலை தொடங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, ஆயிரக்கணக்கான கற்களையும் மாநிலக் கண்காட்சித் திடலில் கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு அதே வரிசையில் கொண்டுவந்து பதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சதுக்கத்தை ஆழமாகத் தோண்டி, இரண்டு அடுக்கு வாகன நிறுத்துமிடத்தையும் மாநில வரலாற்று நூலகத்துக்கான தளத்தையும் கீழே அமைத்தார்கள். கல்லுக்குப் பின்னால் இன்று பாரம் தாங்குவது அந்தக் காலத்து நவீனக் கட்டுமானம்.

பிள்ளைகளிடம் "உடை பழையது, உடம்பு புதியது" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆவணக்காரி எழுதியது:

மேலே ஐயா எழுதிய விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "மீட்டார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எதை மீட்பதற்காக எதை அழித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இக்கட்டடம் மாநிலச் சட்டமன்றமாக இருந்தது ஏறத்தாழ 36 ஆண்டுகள். கவுண்டி நீதிமன்றமாக இருந்ததோ 90 ஆண்டுகளுக்கு நெருக்கமாக. ஸ்பிரிங்ஃபீல்டு மக்கள் சொத்துப் பத்திரம் பதிந்ததும், வழக்குக்காக வராந்தாவில் காத்திருந்ததும், சாட்சி சொன்னதும் அந்த நீதிமன்றத்தில்தான். அதே ஊரில் பிறந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சே 1914-இல் எழுதிய கவிதையில், உலகப் போரைக் கண்டு உறக்கமிழந்த லிங்கனின் உருவம் நள்ளிரவில் உலவுவது பழைய நீதிமன்றத்தின் அருகேதான். ஊரார் அந்தக் கட்டடத்தை அப்படித்தான் அறிந்திருந்தார்கள். 1908 ஆகஸ்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்து, இருவரைத் தூக்கிலிட்டுக் கொன்ற கலவரம் நடந்ததும் அந்த நீதிமன்றக் காலத்தில்தான். லிங்கனின் ஊரிலேயே இது நடந்ததென்ற அதிர்ச்சிதான் அடுத்த ஆண்டே கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் தோன்றத் தூண்டுதலாயிற்று. 1960-களில் கீழ்த்தளத்தைப் பெயர்த்து எறிந்தபோது, அந்த 90 ஆண்டுக் காலத்தின் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் அதோடு போயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதி வழங்கப்பட்டது 1961-இல். அப்போது சதுக்கத்தில் நின்றது மூன்று மாடி நீதிமன்றம். அந்தத் தகுதியைப் பெற்ற கட்டடம் ஐந்தே ஆண்டுகளில் பிரிக்கப்பட்டது. இன்று நிற்பது அதற்கு முந்தைய தோற்றம். இதைக் கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கட்டடத்தின் வயதில் ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்து, அதற்குப் பின் வந்த எல்லாவற்றையும் அழுக்கு போலச் சுரண்டி எடுப்பது அந்தக் காலத்தில் பலருக்கும் இயல்பாகப்பட்டது. இன்று பழங்கட்டடங்களைப் பேணுவோர் பெரும்பாலும் அவ்வாறு செய்யத் தயங்குவார்கள். பின்னாளில் சேர்ந்தவற்றுக்கும் மதிப்புண்டு என்று கருதுவார்கள். லிங்கன் என்னும் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டடத்தை யாரும் இவ்வளவு செலவு செய்து பிரித்து அடுக்கியிருக்க மாட்டார்கள்.

உண்மையாகவே பெயராத சுவர்களைப் பார்க்க விரும்பினால் வண்டேலியாவுக்குச் செல்லுங்கள். தலைநகர் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் அந்த ஊரார் 1836-இல் அவசர அவசரமாகக் கட்டிய சட்டமன்றக் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. லிங்கன் அந்த அவையிலும் உறுப்பினராக அமர்ந்திருக்கிறார். அவ்வளவு பாடுபட்டுக் கட்டியும் மறு ஆண்டே தலைநகரை மாற்ற முடிவாகிவிட்டது. முகப்புத் தூண்கள் மட்டும் பிற்காலச் சேர்க்கை. நாலு பேர் கூட வராத சின்ன ஊர் என்பதால் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம்.

புளூமிங்டன்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. உள்மண்டபம் 1899-க்குப் பின் அழிந்துவிட்டது என்றால், 1960-களில் அதை மீண்டும் அமைத்தவர்கள் எந்த ஆதாரத்தைக் கொண்டு அமைத்தார்கள் என்ற கேள்வி இப்போது எழுகிறது. ஊகித்துச் செய்ததா? ஆவணக்காரி அம்மா சொல்வதைப் படித்த பிறகு, உள்ளே செல்வதில் ஏதாவது பயன் இருக்கிறதா என்றும் யோசிக்கிறேன்.

நூலகத்தடி எழுதியது:

உள்ளே சென்றே ஆக வேண்டும் என்பது என் கருத்து. வெளிக்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

ஆதாரம் குறித்துக் கேட்டீர்கள். ஒரு பொதுக் கட்டடத்துக்குள்ள வசதி என்னவென்றால், செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் அரசு கணக்கு எழுதி வைத்திருக்கும். தச்சருக்குக் கொடுத்த கூலி, கம்பளத்துக்கும் அடுப்புக்கும் ஆன செலவு ஆகியவை அரசுப் பதிவுகளில் இடம்பெறும். அவற்றோடு பழைய செய்தித்தாள்களில் வந்த வருணனைகளும் படங்களும் உதவும். இதனால் எல்லாம் சரியென்று ஆகிவிடாது. ஓர் அறையில் எத்தனை மேசைகள் இருந்தன என்று தெரிந்தாலும், அந்த மேசையின் கால் எப்படி வளைந்திருந்தது என்பதைச் சொல்ல அதே காலத்து வேறு மேசையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எந்தெந்த அறைகளில் நேரம் செலவிடலாம் என்று சொல்கிறேன்.

கீழ்த்தளத்தில் மாநில உச்ச நீதிமன்றம். மேலே உள்ள அவைகளைப் பார்க்கும் ஆவலில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் லிங்கன் இக்கட்டடத்தில் மிக அதிகமாகப் புழங்கியது வழக்கறிஞராகத்தான். இந்த நீதிமன்றத்தில் அவர் 200-க்கும் மேற்பட்ட வழக்குகளில் தோன்றியிருக்கிறார். ரயில்வே நிறுவனங்களுக்காகவும், கடன்காரர்களுக்காகவும், கடன் கொடுத்தவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறார். 1858 செனட் தேர்தலில் அவரோடு மோதிய பரம எதிரியான ஸ்டீபன் டக்ளஸ் 1840-களின் தொடக்கத்தில் இதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தார். அந்தச் சிறிய அறையில் நின்றுகொண்டு இருவரையும் எண்ணிப் பார்த்தால், பிற்காலத்து விவாதங்கள் திடீரென்று வெடித்தவை அல்ல என்பது விளங்கும்.

மேல்தளத்தில் பிரதிநிதிகள் அவை மண்டபம். எல்லோரும் 1858-ஐ மட்டும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே, 1854 அக்டோபரில் டக்ளஸ் முந்தின நாள் பேசியதற்கு மறுமொழியாகவும், 1857 ஜூனில், கறுப்பினத்தவர் நாட்டின் குடிமக்களாக முடியாது என்று சொன்ன டிரெட் ஸ்காட் தீர்ப்பைக் கண்டித்தும் லிங்கன் இதே மண்டபத்தில் நீண்ட உரைகள் ஆற்றினார். 1861 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் தொடங்கிய பின், டக்ளஸ் இங்கே வந்து கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு ஒன்றியத்தைக் காக்குமாறு உருக்கமாகப் பேசினார். ஆறே வாரத்தில் இறந்துபோனார். இவற்றோடு பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. சுதந்திரமான கறுப்பின மக்கள்கூட இல்லினாயில் வந்து குடியேறக் கூடாது என்று தடை விதித்த கொடிய சட்டம் 1853-இல் நிறைவேறியதும் இக்கட்டடத்தில்தான். அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான் "பிளவுபட்ட வீடு" உரை நிகழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1865 பிப்ரவரியில், அதே சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கியது; அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை நாட்டிலேயே முதலாவதாக ஏற்பளித்த மாநிலமும் இல்லினாய்தான். மூன்று மாதத்தில் லிங்கனின் உடல் அங்கே வந்து சேர்ந்தது. அந்த மண்டபத்தின் பலகைகள் புதியவையாக இருக்கலாம். ஆனால் இவ்வளவையும் ஓரிடத்தில் நிறுத்திச் சொல்ல வேறு அறை கிடைக்காது.

மூன்றாவதாக ஆளுநரின் வரவேற்பறை. 1860-இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளரான பிறகு லிங்கன் தம் பழைய வழக்கறிஞர் அலுவலகத்தில் சமாளிக்க முடியாத அளவுக்கு மக்கள் வந்து குவிந்தார்கள். ஆளுநர் ஜான் வுட் தம் அறையை அவருக்குக் கொடுத்தார். ஜான் நிக்கோலே என்னும் ஒரே உதவியாளரோடு லிங்கன் அங்கே அமர்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினார்; காவலர் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, வருகிறவர் யாராயினும் நேரே உள்ளே போகலாம். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோகத் தொடங்கிய நேரத்திலும் அப்படியே நடந்தது. சட்டமன்றம் கூடவிருந்ததால் ஆண்டின் இறுதியில் அவர் அறையை ஒப்படைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார்.

அம்மா எழுப்பிய மறுப்பைப் பற்றியும் ஒரு சொல். நீதிமன்றக் காலத்தின் அடையாளம் ஒன்றுகூட மிஞ்சாதது குறைதான். ஒரு தளத்தின் சுவர்த்துண்டையாவது காட்சிக்கு வைத்திருக்கலாம். ஆனால் பிரிக்காமல் விட்டிருந்தால் அந்த நீதிமன்றம் நிலைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1960-களில் அமெரிக்கச் சிறுநகரங்களின் நடுச் சதுக்கங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கடைகள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. பழைய கட்டடங்களை இடித்து வாகனம் நிறுத்த இடம் செய்வது எங்கும் நடந்தது. இங்கே வாகன நிறுத்துமிடத்தை மண்ணுக்குள் தள்ளிவிட்டு, அதன் மேல் கட்டடத்தைத் திரும்ப வைத்தார்கள். அதோடு வரலாற்று நூலகமும் 1970 முதல் 2004 வரை அங்கே கீழே இயங்கியது. கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் தம் கையால் எழுதிய ஐந்து படிகளில் ஒன்று அந்த நூலகத்துக்குரியது. 1944-இல் இல்லினாய்ப் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த சில்லறைக் காசும் அதை வாங்க உதவியது. நூலகம் இப்போது அருகிலேயே லிங்கன் நூலகம், அருங்காட்சியகம் என்ற பெயரில் தனிக் கட்டடத்துக்கு மாறிவிட்டது.

கல்லும்சுண்ணமும் எழுதியது:

நூலகத்தடி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிக்காமல் பேணினால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ராக் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கட்டடம் அயோவா நகரின் பழைய சட்டமன்றம். பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் இருக்கிறது. 2001 நவம்பரில் அதன் குவிமாடத்தைப் புதுப்பிக்கும் பணியில் பழைய பூச்சை அகற்றச் சுடர்க்கருவிகளைப் பயன்படுத்தியபோது தீப்பற்றி, பொன்முலாம் பூசிய குவிமாடம் முழுவதும் எரிந்து விழுந்தது. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் உள்ளே வேறு சேதம் செய்தது. 2006-இல்தான் மீண்டும் திறந்தார்கள். இன்று அங்கே காணும் குவிமாடமும் புதியதே.

ஸ்பிரிங்ஃபீல்டில் தெற்கு முகப்புக்கு எதிரே தெருவின் மறுபக்கத்தில் லிங்கனும் ஹெர்ண்டனும் வழக்கறிஞர் தொழில் நடத்திய கட்டடம் இருக்கிறது. அங்கே நின்று சட்டமன்றத்தைப் பாருங்கள். இரண்டு மாடி உயரத்தில் தூண்களும் குவிமாடமும் எவ்வளவு அளவாகப் பொருந்துகின்றன என்பது தெரியும். 1901-க்குப் பிந்தைய பழைய புகைப்படங்களில் அதே தூண்கள் தரையிலிருந்து ஒரு மாடி உயரத்தில் தொடங்குவதைக் காணலாம். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆவணக்காரி எழுதியது:

அந்த யோசனை நன்று. புகைப்படத்தை வைத்து ஒப்பிடும்போது நீதிமன்றம் இருந்த செய்தியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்பதால் என் மறுப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. ஒரு சுவர்த்துண்டையாவது விட்டுவைத்திருக்க வேண்டும் என்பதில் நூலகத்தடி அவர்களும் ஒத்துப்போகிறார் என்பது மகிழ்ச்சி. 1908 கலவரத்துக்கான தேசிய நினைவிடம் 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அந்த இடமும் சதுக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

புளூமிங்டன்வாசி எழுதியது:

காலையில் தெற்கு முகப்பும் உள்மண்டபங்களும், பிற்பகலில் கலவர நினைவிடமும் என்று வைத்துக்கொள்கிறேன். வண்டேலியா இன்னும் தெற்கே தள்ளி இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் அடக்க முடியாது. அதற்கு இன்னொரு வாரயிறுதி ஒதுக்குகிறோம்.